லயத்து வீடும் இணையத்து முகவரியும்

தோட்டத்துக்குக் கடிதம் வந்து சேர்ந்த அந்த நாள்கள் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன?

எங்கள் தோட்டத்தில் தபால் பை பட்டணத்திலிருந்து பிற்பகலில்தான் வரும். சின்னக் கிராணியார் ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், “எத்தனாம் நம்பர் லயம்? அப்பன் பேரென்ன?” என்று கேட்டுத்தான் கொடுப்பார். கடல் கடந்து வந்த கடிதம் இத்தனை ரப்பர்க் காட்டையும் தாண்டி எப்படி எங்கள் வீட்டுக்குச் சரியாக வருகிறது என்பது அப்போது எனக்குப் பெரிய வியப்பு.

அப்பாதான் ஒருநாள் விளக்கிச் சொன்னார். “முகவரியை நாம மேலேருந்து எழுதறோம். தபால்காரன் கீழேருந்து படிப்பான். மொதல்ல நாடு, அப்புறம் மாநிலம், அப்புறம் பட்டணம், அப்புறம் தோட்டம். கடைசியாத்தான்டா ஓம் பேரு.”

பால்மரம் வெட்டிய அந்த மனிதர் சொன்ன பாடம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கணினி விஷயத்தில் எனக்குக் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முருங்கை மரம் யாருடையது?

1997ஆம் ஆண்டில் எங்கள் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்கள் சாய்ந்தன. வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்றார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

எங்கள் தாத்தா அந்த வீட்டில்தான் குடியேறினார். அப்பா அங்கேதான் பிறந்தார். நானும் அங்கேதான் பிறந்தேன். மூன்று தலைமுறை! அப்பா நேராக நிர்வாகியிடம் போய்க் கேட்டார். “வீடு தோட்டத்தினுடையது, வேலை செய்யும் வரையில் தங்கிக்கொள்ளத்தான் கொடுத்தோம்” என்று பதில் வந்தது.

அப்பா சற்று நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு, “அப்ப நான் வச்ச முருங்கை மரம் யாருதுங்க?” என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வாசகர்களே, இதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் எத்தனையோ தோட்டங்களில் நடந்த கதைதான். ஆனால் அதே தவற்றை நாங்கள் இரண்டாம் முறையும் செய்தோம் என்பதுதான் வேதனை.

இணையத்தில் ஒரு தோட்டம்

சிதறிப்போன தோட்டத்து மக்கள் 2009ஆம் ஆண்டில் ஒரு திருமண வீட்டில் ஒன்றுகூடினோம். கோலாலம்பூரில் கணினி வேலை பார்த்த பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், “நம்ப தோட்டத்துக்கு ஓர் அகப்பக்கம் செய்வோம்” என்றார். செய்தும் காட்டினார்.

தோட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்; கடைசியில் ‘காம்’ என்று முடியும். அதில் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்தன. தீமிதித் திருவிழா இருந்தது. ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் வளர்த்த ஆயாவின் படம் இருந்தது. வருகையாளர் பக்கம் ஒன்றும் இருந்தது. அதில்தான் ஜொகூரில் இருந்த அக்காவும் கெடாவில் இருந்த தங்கையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்கு அது கோயில் மாதிரி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், “டேய், நம்ப தோட்டத்தைக் காட்டுடா” என்பார். கைப்பேசியில் திறந்து கொடுப்பேன்.

2020ஆம் ஆண்டில் அந்த அண்ணன் மாரடைப்பால் காலமானார். அடுத்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அம்மாவுக்குத் திறந்து கொடுத்தேன். சிவப்பும் மஞ்சளுமாய்ச் சூதாட்ட விளம்பரங்கள் வந்து நின்றன. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“என்னடா இது, நம்ப கோயில் இருந்த எடத்துல சூதாட்டக் கடை வச்சிட்டானுங்களா?”

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் இதுவே காரணம். நீங்கள் தேடிப் போனால் அந்தக் கடையில்தான் போய் நிற்பீர்கள்.

பெயர் எப்படி வேலை செய்கிறது?

நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். கணினி எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும், நம் பெயர் எப்படிப் பறிபோனது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். விவரம் அறிந்த தம்பிமார்களிடம் கேட்டேன், படித்தேன். அறிந்ததை நம் வழக்கில் சொல்கிறேன்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. பழைய முறையில் அது நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை. இப்போது இன்னும் நீளமான எண்களும் வந்துவிட்டன. இந்த எண்களை மனிதனால் மனப்பாடம் செய்ய முடியுமா? ஆகவே எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயர் வைத்தார்கள். அதைத்தான் டொமேன் என்கிறார்கள். தமிழில் களப்பெயர் என்று எழுதுகிறார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமாக இருக்காது.

தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. நம் தோட்டத்து ஆபீசில் கிராணியார் ஒருவரே செக்ரோல் புத்தகத்தை வைத்திருந்தாரே, அப்படித்தான்! கணினிகள் பெருகப் பெருக ஒரு புத்தகம் போதவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் புதிய முறையை வகுத்தார். ஒரே புத்தகத்தைப் பல புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விடுவதே அந்த முறை. இன்றும் அதுதான் நடக்கிறது.

‘காம்’ என்று முடியும் முதல் பெயர் 1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் பதிவானது. நம் மலேசியாவுக்குரிய ‘எம்ஒய்’ 1987ஆம் ஆண்டிலும், சிங்கப்பூருக்குரிய ‘எஸ்ஜி’ 1988ஆம் ஆண்டிலும் வந்தன. நம் நாட்டுப் பெயர்களை ‘மைநிக்’ என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. உலகம் முழுவதற்குமான ஒழுங்கை 1998ஆம் ஆண்டில் அமைந்த ‘ஐகான்’ கவனிக்கிறது.

நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் என்ன நடக்கிறது? உங்கள் சார்பாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினி ஒன்று விசாரிக்கக் கிளம்புகிறது. முதலில் எல்லாவற்றுக்கும் மேலுள்ள வேர்க் கணினிகளிடம், “எம்ஒய் புத்தகம் யாரிடம் இருக்கிறது?” என்று கேட்கிறது. அங்கே போய், “இந்தப் பெயருக்குப் பொறுப்பு யார்?” என்று கேட்கிறது. அவரிடம் போய், “எண் என்ன?” என்று கேட்கிறது. எண் கிடைத்ததும் கதவு திறக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடுகிறது. கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், அடுத்தவர் கேட்டால் மறுபடியும் அலைய வேண்டியதில்லை.

கவனித்தீர்களா? விசாரணை கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி நடக்கிறது. “தபால்காரன் கீழேருந்து படிப்பான்” என்று அப்பா சொன்னது இதைத்தான்!

வாலைப் பிடித்துப் படியுங்கள்

இதைத் தெரிந்துகொண்டதால் எங்கள் தாமானில் ஒரு குடும்பம் பிழைத்தது. பக்கத்து வீட்டு அக்காவின் புலனத்துக்கு, “உங்கள் சேமநிதிப் பணத்தில் ஊக்கத்தொகை சேர்ந்திருக்கிறது, இங்கே தட்டி அடையாளக் கார்டு எண்ணைக் கொடுங்கள்” என்று செய்தி வந்தது. முப்பது ஆண்டு பால் வெட்டிச் சேர்த்த பணம்! அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

ஊழியர் சேமநிதி வாரியத்தின் உண்மையான பெயர் இதுதான்: கேடபிள்யூஎஸ்பி, புள்ளி, ஜிஓவி, புள்ளி, எம்ஒய். வாலிலிருந்து படியுங்கள். எம்ஒய் என்றால் மலேசியா. ஜிஓவி என்றால் அரசாங்கம். ஜிஓவி, புள்ளி, எம்ஒய் என்று முடியும் பெயரை அரசாங்க அமைப்புகள் மட்டுமே பெற முடியும். அதற்கு முன்னால் வாரியத்தின் பெயர்.

அக்காவுக்கு வந்ததிலும் இந்த எழுத்துகள் எல்லாம் இருந்தன. ஆனால் இடையில் புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடுகள்! கடைசியில் புள்ளி வைத்து வேறு ஏதோ சொல். அதாவது, முன்வாசலில் சேமநிதி என்று பலகை மாட்டிய வேறொருவன் வீடு. பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். வாலை மாற்ற முடியாது.

ஆகவே, பெயருக்குப் பின் முதல் சாய்கோடு வரும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். பூட்டுப் படம் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். உள்ளே இருப்பவன் நல்லவன் என்று அது சொல்லவில்லை. பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு உட்காராமல், உடனே உங்கள் வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள்.

எங்கே தவறினோம்?

இப்போது எங்கள் தோட்டத்துப் பெயருக்கு வருகிறேன்.

பெயரை அண்ணன் வாங்கினார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். வாசகர்களே, இணையத்துப் பெயரை யாரும் வாங்க முடியாது! வாடகைக்குத்தான் எடுக்க முடியும். ஓராண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ கட்டணம் கட்டலாம். ‘காம்’ பெயருக்கு அதிகம் போனால் பத்து ஆண்டு. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் வரையில் பெயர் உங்களுடையது. மறந்தால் மற்றவருடையது.

அண்ணன் ஆண்டுதோறும் அறுபது வெள்ளிக்கு உள்ளாகத்தான் கட்டி வந்தார். அதுவும் தம் சொந்தப் பணத்தில். யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை. பெயர் அவர் பேரில் இருந்தது. தவணை முடியப் போகிறது என்ற அறிவிப்பு அவர் மின்னஞ்சலுக்குப் போனது. இறந்தவரின் பெட்டியில் போய் விழுந்த அந்தக் கடிதங்களை யார் பிரிப்பார்கள்?

உடனே பறித்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தவணை முடிந்த பிறகும் பதிவு நிறுவனங்கள் வழக்கமாகச் சில நாள் பொறுக்கின்றன. ‘காம்’ பெயராக இருந்தால் அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதற்கும் பிறகு ஐந்து நாள் கழிந்தால், பெயர் பொதுவில் வந்துவிடும். இப்படி விடுபடும் பெயர்களுக்காகவே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பலர் வந்து பார்த்த பெயர் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். நம் மக்கள் பழக்கத்தில் வந்து திறப்பார்கள், விளம்பரத்தைப் பார்ப்பார்கள்.

திருப்பிக் கேட்டோம். ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை சொன்னார்கள். முறையீடு செய்ய வழி உண்டா என்று விசாரித்தோம். 1999ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதிமுறை இருக்கிறது. ஆனால் அது வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு. தோட்டத்தின் பெயர் எங்கள் வணிகச் சின்னமா? எங்கள் வாழ்க்கை என்று சொல்லலாம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொரு பாடமும் கிடைத்தது. பெயர் வேறு, வீடு வேறு, வீட்டுச் சாமான் வேறு. பெயர் என்பது முகவரிதான். படங்களும் எழுத்துகளும் தங்கியிருந்த கணினி இடம் தனி வாடகை. அதற்கும் அண்ணனே கட்டி வந்தார், அதுவும் நின்றுபோனது. அண்ணியிடம் போனோம். அவர் கணவரின் பழைய கணினியைத் துணியால் மூடிப் பத்திரமாக வைத்திருந்தார். படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அண்ணி அழுதார்; நாங்களும் அழுதோம். ஆனால் வருகையாளர் பக்கம் அதில் இல்லை. முந்நூறு பேர் எழுதிய அந்த வரிகள் வாடகை இடத்தோடு போயின. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கண்டு எழுதிய வரியும் போனது.

யாரைக் குறை சொல்வது? அண்ணனையா? சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒருவர் தோளில் அத்தனையும் ஏற்றிவிட்டு, பதினோர் ஆண்டுகள், “யார் பேரில் இருக்கிறது? எப்போது தவணை?” என்று ஒரு வார்த்தை கேட்காத எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

பத்து பேர் அறிய

1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏன் தொடங்கினார்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், தனித்தனியாக நின்றால் தொழிலாளியால் ஒன்றும் முடியாது. சிறுகச் சேர்த்துச் சங்கத்தின் பேரில் வாங்கினால் நிலைக்கும் என்பதற்காகத்தான். அந்த யோசனை பெரிய நிலத்துக்கு மட்டும்தானா? சிறிய பெயருக்கும் பொருந்தும்.

2022ஆம் ஆண்டில் நாங்கள் முறைப்படி ஒரு சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொண்டோம். புதிய பெயரை எந்தத் தனியாள் பேரிலும் எடுக்கவில்லை. சங்கத்தின் பேரில் எடுத்தோம். பதிவு பெற்ற பொதுநல அமைப்புகளுக்கு ‘ஓஆர்ஜி, புள்ளி, எம்ஒய்’ என்ற பிரிவு இருக்கிறது. அறிவிப்பு வருவதற்குச் சங்கத்துக்கென்றே ஒரு மின்னஞ்சல் வைத்தோம். செயலாளரும் பொருளாளரும் இருவருமே பார்க்கிறார்கள். சில ஆண்டுக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டினோம். தவணை நாள் சங்கக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் அதை உரக்க வாசிக்கிறோம். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். மகள் முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தில் விற்கிறாளா? மருமகன் பட்டறைக்கு அகப்பக்கம் திறந்திருக்கிறாரா? செய்து கொடுத்த பையன் நல்ல பையனாகவே இருக்கட்டும். ஆனால் பெயரை அவன் தன் பேரில் பதிந்திருந்தால், நாளை அவன் வேறு ஊருக்குப் போனாலோ மனத்தாங்கல் வந்தாலோ உங்கள் கடைப் பலகை அவன் கையில்! எங்கள் உறவில் ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆகவே இன்றே மூன்று கேள்வி கேளுங்கள். பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? அறிவிப்பு யாருக்கு வருகிறது? தவணை என்று முடிகிறது? பதில் தெரியாவிட்டால் லயத்து வீட்டில் முருங்கை நட்ட கதைதான்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் சொல்லிவிடுகிறேன். களப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாட்டின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே களப்பெயரின் கடைசிச் சொல்லாக இருக்கின்றன. நம் மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது. தமிழிலும் ஒருநாள் வரும் என்று நம்புவோம்.

புதிய பக்கம் திறந்த அன்று அம்மாவுக்குக் காட்டினேன். ஆயா படத்தைப் பார்த்தார், தீமிதியைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் அப்பா முருங்கை மரத்தோரம் நிற்கும் படத்தில் வந்து விரலை வைத்தார்.

“இது இனிமே போவாதே?”

“தவணை கட்டுற வரைக்கும் போவாதும்மா.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து என் கையில் வைத்தார்.

“அப்பா பேர்ல கட்டிடு. ரசீது வாங்கிட்டு வா.”

சங்கக் கணக்கில் அந்தப் பத்து வெள்ளி எழுதப்பட்டிருக்கிறது. ரசீது அம்மாவின் சாமி மேடையில் இருக்கிறது.